உப்பு முதலா, சிமெண்ட் முதலா

நகரப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் கோடை விடுமுறைக்குக் கப்பலில் போக ஆசைப்பட்டுக் கன்னத்தில் அறை வாங்கினார். சும்மா அறைந்துவிடவில்லை. எந்தக் கன்னத்தில் என்று அவரையே கேட்டு, அவர் காட்டிய கன்னத்தில்தான் அறைந்தார்கள். ஆகவே அதை அநியாயம் என்று சொல்ல வழியில்லை. கோடைக் கடற்பயண வாரியம் மக்களின் விருப்பத்தைத் தலைமேல் வைத்துத் தாங்குகிற வாரியம்.

ஆசையும் உண்மையில் அவருடையது அல்ல, மனைவியுடையது. அவள் ஒரு பெரிய சலவைக் கூடத்தில் இஸ்திரிப் பிரிவில் வேலை பார்த்தாள். கூடம் தரைக்குக் கீழே இருந்தது. ஜன்னல் கிடையாது. விடுதிகளிலிருந்து வந்த படுக்கை விரிப்புகள் கூரையை முட்டும்படி குவிந்து கிடக்கும். ஆவியும் சோப்பு நெடியும் தொண்டையில் போய் உட்காரும். வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அங்கே ஜன்னல் உண்டு. ஜன்னலைத் திறந்தால் கைக்கெட்டும் தூரத்தில் அடுத்த கட்டடத்தின் சுவர் உண்டு. போன குளிர்காலத்தில் அவளுக்கு மூச்சு முட்டி, மருத்துவமனையில் கிடந்து, பிழைத்தால் போதும் என்கிற நிலைக்குப் போய் மீண்டு வந்தாள். வீட்டுக்கு அனுப்பும்போது மருத்துவர், "கொஞ்சம் கடல் காத்து பட்டா நல்லது" என்று பேச்சுவாக்கில் சொல்லிவைத்தார். அவர் அன்று மாலையே மறந்திருப்பார். அவள் மறக்கவில்லை.

"கரையில நின்னு காத்து வாங்குறதெல்லாம் வேணாங்க. நடுக்கடலுக்குப் போகணும். எந்தப் பக்கம் திரும்புனாலும் தண்ணியாவே இருக்கணும். ஒரு சுவரு, ஒரு தூணு கண்ணுல படக்கூடாது. ஒரே ஒரு தடவ."

மனைவி வாய்விட்டு ஒன்று கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஓட்டுநர் மறுநாளே லீவு சொல்லிவிட்டு வாரியத்துக்குக் கிளம்பினார்.

வாரியத்தின் கட்டடத்துக்கு இரண்டு வாசல்கள். இரண்டும் ஒரே கூடத்தில்தான் போய் முடிந்தன. எந்த வாசல் வழியாக வர விருப்பம் என்று காவலாளி பணிவோடு கேட்டார். ஓட்டுநருக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. தன் டிப்போவில் கக்கூஸுக்குப் போகக்கூட யாரும் அவரிடம் விருப்பம் கேட்டதில்லை.

கவுண்டரில் இருந்த பெண் சிரித்த முகமாக இருந்தாள்.

"நடுக்கடலுக்குப் போற கப்பல் எதும் இருக்காம்மா?"

"இந்தக் கோடைக்கு ரெண்டு தடம் இருக்கு சார். முதல் தடம், துறைமுகத்துல கெளம்பி உப்பளம், அப்புறம் சிமெண்ட் ஆலை, திரும்பத் துறைமுகம். ரெண்டாம் தடம், துறைமுகத்துல கெளம்பி சிமெண்ட் ஆலை, அப்புறம் உப்பளம், திரும்பத் துறைமுகம். உங்க விருப்பம் எது?"

வாழ்க்கை முழுக்கத் தடத்தில் வண்டி ஓட்டியவருக்கு இதை ஜீரணிக்க அதிக நேரம் பிடிக்கவில்லை.

"ரெண்டும் ஒண்ணுதானேம்மா? ஒண்ணு இப்படிச் சுத்துது, இன்னொண்ணு அப்படிச் சுத்துது."

"அப்படித்தான் நெறைய பேர் நெனைக்கிறாங்க சார். ஆனா முதல் தடத்துல போறவங்க ரெண்டாம் தடத்துல போறதே இல்ல. அப்புறம் ரெண்டும் ஒண்ணுன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

ஓட்டுநர் தலையைச் சொறிந்துகொண்டே கேட்டார்: "அதில்லம்மா, மூணாவதா ஏதாச்சும்..."

பெண்ணின் சிரிப்பு அப்படியே இருந்தது. ஆனால் அவள் கை மேசைக்கு அடியில் போய் ஒரு மணியை அழுத்தியது. பின்னால் வரிசையில் நின்றவர்கள், பக்கத்தில் தும்மினவனிடமிருந்து விலகுவதுபோல விலகினார்கள். இரண்டு காவலர்கள் வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டார்கள். இறுக்கமாகத்தான், ஆனால் மரியாதையாக. கதவில் 'பயண ஆலோசனை' என்று எழுதியிருந்த ஓர் அறைக்குள் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள்.

ஆலோசகர் வயதானவர். பார்த்தால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும் முகம். வலது சட்டைக்கையை மட்டும் முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். ஒரு கிண்ணத்தில் வெந்நீரும், துண்டும், உள்ளங்கைக்குத் தடவிக்கொள்ளும் களிம்பும் அவர் பக்கத்தில் இருந்தன.

"பயப்படாதீங்க தம்பி. இது தண்டனை இல்ல, ஆலோசனை. எந்தக் கன்னம்?"

"எதுக்கு சார்?"

"இடதா, வலதா? முன்னெல்லாம் நாங்களே ஒண்ணப் பாத்து அடிச்சிருவோம். அது மக்களுக்குப் பிடிக்கல. இப்போ உங்க விருப்பம்தான்."

"ரெண்டும் வேணாம்னா?"

ஆலோசகர் மிகவும் வருத்தப்பட்டார். "பாத்தீங்களா? இதுதான் உங்க நோயே. ரெண்டு குடுத்தா மூணாவதக் கேக்குறது. இப்படியே போனா நாளைக்கு வீட்டுலயும் தூங்க மாட்டீங்க, வேலையிலயும் நிம்மதி இருக்காது. நான் எத்தனை பேரப் பாத்திருக்கேன்! சொல்லுங்க, எனக்கு அடுத்த ஆள் காத்திட்டிருக்கார்."

ஓட்டுநருக்கு வலப்பக்கக் கடைவாய்ப் பல் சில நாளாகவே வலித்துக்கொண்டிருந்தது. "இடது" என்றார்.

அந்த வயதில் அப்படி ஓர் அடியை யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். கண்ணில் பொறி பறந்தது. காதுக்குள் யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். நாற்காலியோடு சாய்ந்தவரைக் காவலர்கள் நிமிர்த்தி வைத்தார்கள். வாயில் உப்புக் கரித்தது. உதட்டின் உள்புறம் கிழிந்திருந்தது.

"இப்ப சொல்லுங்க. முதல் தடமா, ரெண்டாம் தடமா?"

"முதல்..." என்றார் ஓட்டுநர். முதலில் வாயில் வந்தது அதுதான்.

"அருமையான தேர்வு" என்று ஆலோசகர் எழுந்து கைகொடுத்தார். வெளியே வரும்போது ஓட்டுநரின் தலையில் ஒரு நீலத் தொப்பியை மாட்டிவிட்டார்கள். நீலம் என்றால் உப்பு முதலில். மஞ்சள் என்றால் சிமெண்ட் முதலில்.

வீட்டில் மனைவி அவர் கன்னத்தைத் திருப்பிப் பார்த்தாள். விரல் விரலாகப் பதிந்திருந்தது.

"யாருங்க இப்படி அடிச்சா?"

"ஆலோசகர்."

"எதுக்கு?"

"நீ கேட்டத நான் கேட்டேன்."

அவள் பனிக்கட்டியைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கன்னத்தில் வைத்தாள். வைத்த வேகத்தில் அதுவும் ஓர் அடியாகத்தான் விழுந்தது. கோபம் யார்மேல் என்று அவளுக்கே அப்போது தெளிவாகவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளுடைய தம்பி வந்தான். தெருமுனையில் சொந்தமாகச் சலூன் வைத்திருந்தான். கத்திரி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். தொழிலுக்கும் அந்தப் பெயர் பொருந்தும், பேச்சுக்கும் பொருந்தும். கல்யாணம் ஆகவில்லை, சாப்பாடு எப்போதும் அக்கா வீட்டில்தான். அன்று அவன் தலையில் மஞ்சள் தொப்பி இருந்தது. அவன் மூன்றாவதை எல்லாம் கேட்டவனில்லை. கவுண்டரில் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னவன்.

"மாமா, அடி வாங்குனதுகூடப் பரவால்ல. போயும் போயும் நீலத்த வாங்கிட்டு வந்திருக்கீங்களே? யோசிச்சுப் பாருங்க. சிமெண்ட் மொதல்ல போனா தூசியெல்லாம் மேல படியும். அப்புறம் உப்பளம். அந்தக் காத்துல எல்லாம் கழுவிட்டுப் போயிரும். சுத்தமா வீட்டுக்கு வரலாம். உப்பு மொதல்ல போனா? உடம்பெல்லாம் பிசுபிசுன்னு இருக்கும், அதுமேல சிமெண்ட் வந்து ஒட்டும். நீங்க செலையாத்தான் திரும்பி வருவீங்க."

"மாப்ளே, ரெண்டு கப்பலும் ஒரே எடத்துக்குத்தான்டா போகுது."

"ஒரே எடம்தான். ஆனா எந்த வரிசையில? அதுல இருக்கு விஷயம்."

போன மாதம்வரை இவன் சிமெண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

இப்படித்தான் ஊர் முழுக்க ஆரம்பித்தது. கத்திரியின் சலூனில் நீலத் தொப்பிக்காரர்களுக்கு முடி வெட்டுவதில்லை என்றாயிற்று. அவசரத்தில் தொப்பியைக் கழற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்த ஒருவருக்குப் பாதிச் சவரத்தில் குட்டு வெளிப்பட்டு, காது மடலில் ஒரு துண்டு போயிற்று. அதற்குப் பதிலாக நீலக்காரர்கள் வந்து சலூன் கண்ணாடியை நொறுக்கினார்கள். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிறவரும் அடுப்பைப் பார்க்கிறவரும் ரொட்டித் தட்டால் ஒருவர் முகத்தில் ஒருவர் அடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு அப்பாவும் மகனும் சாப்பாட்டு மேசையில் "உப்பை இப்படித் தள்ளு" என்ற பேச்சில் ஆரம்பித்து, மகனின் தோள்பட்டை எலும்பு முறிவதில் முடித்தார்கள். ஓட்டுநரின் பேருந்தில் பயணிகள் தாங்களாகவே இடப்பக்கம் நீலம், வலப்பக்கம் மஞ்சள் என்று பிரிந்து உட்கார்ந்தார்கள். வளைவில் வண்டி திரும்பும்போது ஒரு பக்கத்தார் மறுபக்கத்தார்மேல் சாய நேர்ந்தால் செருப்பு பறந்தது. ஓட்டுநர் வளைவுகளில் ஊர்ந்து போகக் கற்றுக்கொண்டார்.

அடிதடி முற்றியதும் வாரியம் தன் கடமையைச் செய்தது. மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒன்றைக் கூட்டியது.

"நானும் வரேன்" என்றாள் மனைவி.

"வேணாம். கூட்டத்துல உனக்கு மூச்சு முட்டும்."

"இங்க மட்டும் என்ன, காத்து வந்து கொட்டுதா?"

கூட்ட அரங்கின் நடுவில் கயிறு கட்டியிருந்தார்கள். ஒருபக்கம் நீலம், மறுபக்கம் மஞ்சள். தொப்பி இல்லாமல் வந்தவள் அவள் ஒருத்திதான். அவளை எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல் காவலர்கள் கயிற்றுக்குக் கீழேயே ஒரு நாற்காலி போட்டார்கள். கயிறு அவள் தலைக்கு மேலே போயிற்று.

வாரியத் தலைவர் எழுந்தார். செழிப்பான ஆள். வெயிலில் நிறம் ஏறிய முகம்; கடலில் அடிக்கடி இருக்கிறவர் என்று பார்த்ததுமே தெரியும்.

"மக்களே! போன கோடையில நம்ம வாரியம் ஒன்பது தடம் வச்சிருந்துச்சு. என்ன ஆச்சு? ஜனங்க யோசிக்க ஆரம்பிச்சாங்க. வீட்டுக்கு வீடு புருஷனும் பொண்டாட்டியும் உக்காந்து, எங்க போலாம்னு பேசினாங்க. பேசினாங்கன்னா மணிக்கணக்கா பேசினாங்க! சில பேர் கணக்குப் போட்டாங்க. சில பேர் எங்களையே கேள்வி கேட்டாங்க. எவ்வளவு மன உளைச்சல்! அந்தச் சுமைய உங்க தலையிலேருந்து எறக்கி எங்க தலையில வச்சுக்கிட்டோம். மிச்சம் இருக்கிற ஏழு தடத்துலயும் நாங்க போறோம். நானும் என் குடும்பமும் இந்த வருஷமும் நடுக்கடலுக்குத்தான் போறோம். அதுல இருக்கிற கஷ்டம் எங்களோட போகட்டும். கண்ணுக்கெட்டின தூரம் வெறும் தண்ணி! ஒரு சிமெண்ட் ஆலைகூடக் கிடையாது! உங்களுக்கு எதுக்கு அந்தக் கொடுமை?"

அரங்கம் கைதட்டலில் அதிர்ந்தது. சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

கைதட்டல் அடங்கியபோது அவள் எழுந்து நின்றாள். எழுந்ததும் கயிறு கழுத்தில் வந்து பட்டது. அதைக் கையால் விலக்கிப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ஐயா, அந்தக் கொடுமை எனக்கு வேணும்."

இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் திரும்பியது. இத்தனை நாளில் நீலமும் மஞ்சளும் ஒன்றாக ஒரு காரியம் செய்தது அப்போதுதான்.

"ரெண்டு குடுத்தது பத்தலயாடி உனக்கு?"

"அவ யாரு, தொப்பி இல்லாம?"

ஒரு பெண் அவள் கூந்தலைப் பிடித்து இழுத்து, உதடு கிழியத் தரையில் தள்ளினாள். மடக்கு நாற்காலி ஒன்று பறந்து வந்தது. ஓட்டுநர் குறுக்கே விழுந்து அதைத் தோளில் வாங்கினார். அடுத்த நாற்காலி பட்டு அவர் புருவம் பிளந்தது. ஒரு கண்ணில் ரத்தம் இறங்கி, பாதி உலகம் சிவப்பாகத் தெரிந்தது. நீலத் தொப்பிக்காரன் ஒருவன் காலைத் தூக்கி அவள் விலாவில் மிதிக்கப் போனான். அப்போது மஞ்சள் பக்கத்திலிருந்து கத்திரி கயிற்றைத் தாண்டிப் பாய்ந்தான்.

"எங்கக்காமேல கால வைப்பியா?"

பாய்ந்த வேகத்தில் அந்த ஆளின் முன்பற்கள் இரண்டு தெறித்து மேடைப் படியில் விழுந்தன. மஞ்சள் நீலத்தை அடித்துவிட்டது என்று ஒரு குரல் கிளம்பியது. அவ்வளவுதான். அவளை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கயிறு அறுந்தது. குடைகள், இடுப்பு வார்கள், பெண்களின் கைப்பைகள், ஊன்றுகோல்கள் என்று எது கைக்கு வந்ததோ அதெல்லாம் மண்டைகளில் இறங்கின. கிழவர் ஒருவர் தன் பொய்ப்பல்லைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதனாலேயே எதிரியின் காதைக் கடித்தார். வாயில் இருந்தபோது அது அத்தனை நன்றாகக் கடித்திருக்காது.

மேடையில் தலைவர் கைகூப்பி நின்றார். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. "என்ன ஒரு ஈடுபாடு!" என்றார் ஒலிபெருக்கியில். "ரெண்டும் ஒண்ணுதான்னு பொறாமைக்காரங்க சொன்னாங்களே, இப்ப வந்து பாக்கட்டும். ஒண்ணா இருந்தா இவ்வளவு ரத்தம் வருமா?"

அன்றே ஓர் அறிவிப்பும் செய்தார். காயம் பட்டவர்களுக்கு முதல் பயணத்திலேயே இடம். ஓட்டுநருக்குப் புருவத்தில் தையல், மனைவிக்கு உதட்டில் தையல். இருவருக்கும் நீலக் கப்பலில் இடம் கிடைத்தது. கைமுட்டி வீங்கியிருந்த கத்திரிக்கு மஞ்சள் கப்பலில்.

"போக வேணாம்மா" என்றார் ஓட்டுநர்.

"கடல்தானேங்க. எப்படியாவது ஒரு ஓரமாத் தெரியாமலா போயிரும்?"

தெரியாமல்தான் போயிற்று. கப்பலின் கடல் பக்கம் முழுவதையும் தரையிலிருந்து கூரைவரை தடித்த கித்தான் துணியால் மூடியிருந்தார்கள். கடலைப் பார்த்தால் பயணிகளின் மனம் அலைபாயும் என்று காவலர் விளக்கினார். எல்லா இருக்கைகளும் கரையைப் பார்த்திருந்தன. உப்பளம் வந்தது. மூட்டை மூட்டையாக உப்பு அடுக்கியிருந்தது. நீலத் தொப்பிகள் எழுந்து நின்று ஆரவாரம் செய்தன. அவள் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு மூட்டைகளைப் பார்த்தாள். கூடத்தில் குவிந்து கிடக்கும் விரிப்புகளைப் பார்ப்பதுபோலவே பார்த்தாள்.

உப்பளத்துக்கும் சிமெண்ட் ஆலைக்கும் நடுவே, கரையை ஒட்டிக் கடலுக்குள்ளேயே வெட்டிய ஒரு குறுகலான கால்வாய் உண்டு. எதிரும் புதிருமாகச் சுற்றுகிற இரண்டு கப்பல்கள் எங்கேயாவது சந்தித்துத்தானே தீரவேண்டும். வாரியம் அதையும் யோசித்திருந்தது. கால்வாயில் முதல் உரிமை உங்களுக்கே என்று நீலக் கப்பல் மாலுமிக்குச் சொல்லியிருந்தது. மஞ்சள் கப்பல் மாலுமிக்கும் அதையே சொல்லியிருந்தது. பாரபட்சம் காட்டுவது வாரியத்தின் வழக்கமில்லை.

மஞ்சள் கப்பல் புகையைக் கக்கிக்கொண்டு எதிரே வருவதை ஓட்டுநர் பார்த்தார். தூரத்தையும் வேகத்தையும் பார்த்ததும் அவருடைய வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. கப்பலுக்கு பிரேக் கிடையாது. எழுந்து மாலுமியின் அறைக்கு ஓடினார். மாலுமி சுக்கானைப் பிடித்துக்கொண்டு வெளிறிப்போய் நின்றார். அவருக்கு இருபுறமும் காவலர்கள் நின்றார்கள்.

"ஒதுங்குங்க சார்! கொஞ்சம் அந்தப் பக்கம் ஒடிங்க!"

"எனக்கு மட்டும் தெரியாதா? ஒதுங்குனா முதல் தடம் தோத்த மாதிரியாம். கையத் திருப்புனா கைய ஒடிச்சிருவாங்களாம்."

"ஒடிக்கத்தான் சொல்லியிருக்காங்க" என்றார் ஒரு காவலர். அவர் கையில் இரும்புத் தடி இருந்தது. "எங்களுக்கும் குடும்பம் இருக்கு சார்."

ஓட்டுநர் சுக்கானை எட்டிப் பிடிக்கப் பார்த்தார். தடி அவர் முழங்கையில் இறங்கியது. உயிர் போகிற வலியோடு வெளியே வந்து விழுந்தார். இரண்டு கப்பல்களும் கூப்பிடு தூரத்துக்கு வந்திருந்தன. பாட்டில்கள் பறந்தன. செருப்புகள், மிதவை வளையங்கள், தீயணைப்புக் கருவிகள் எல்லாம் பறந்தன. ஒரு பெண்ணின் நெற்றியில் பாட்டில் உடைந்து, அவள் சத்தமில்லாமல் இருக்கையிலேயே சரிந்தாள். மஞ்சள் கப்பலின் முன்கம்பியில் ஒரு கையை ஊன்றி, மறுகையில் துடுப்போடு வெளியே தொங்கிக்கொண்டிருந்தான் கத்திரி.

"டேய்! உள்ள போடா!" என்று அவனுடைய அக்கா கத்தினாள்.

"அக்கா, நீ குனிஞ்சுக்க! ஒருத்தன் பாக்கியில்லாம..."

மோதல் நேர்ந்தது. இரும்பு இரும்பைக் கிழிக்கும் சத்தத்தில் மனிதச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. நின்றவர்கள் எல்லோரும் விழுந்தார்கள். சிலர் கடலில் விழுந்தார்கள். கப்பல்கள் ஒன்றை ஒன்று உராய்ந்துகொண்டே நகர, கத்திரி ஊன்றியிருந்த இடது கை இரண்டு கம்பிகளுக்கும் நடுவே போயிற்று.

அவன் கத்தவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. கப்பல்கள் விலகியபோது கால் நழுவி இடைவெளியில் தொங்கினான். ஓட்டுநர் வயிற்றால் தவழ்ந்து போய், அடிபடாத கையால் அவன் இடுப்பு வாரைப் பிடித்தார். மனைவி பின்னாலிருந்து அவருடைய கால்களைப் பிடித்துக்கொண்டாள். இழுத்து நீலக் கப்பலுக்குள் போட்டார்கள்.

போட்டதும் நீலத் தொப்பிகள் சூழ்ந்துகொண்டன. "மஞ்சள்டா! மஞ்சள் உள்ள வந்துருச்சு!" கீழே கிடந்தவனை ஒருவன் முகத்தில் உதைத்தான். அடுத்தவன் நசுங்கிய கையின்மேலேயே மிதித்தான். அப்போதுதான் கத்திரி கத்தினான்.

அவள் தீயணைக்க வைத்திருந்த மணல் வாளியை எடுத்தாள். இஸ்திரிப் பெட்டியைத் தூக்கித் தூக்கி இறுகிய கைகள் அவளுடையவை. முதல் வீச்சில் மிதித்தவனின் தாடை திரும்பிக்கொண்டது. இரண்டாவது வீச்சு உதைத்தவனின் முழங்காலில் விழுந்தது. மூன்றாவது ஆள் தானாகவே பின்வாங்கினான். அவள் மூச்சு இழுத்துக்கொண்டது. ஆனால் வாளியைக் கீழே வைக்கவில்லை. "யாராவது வாங்க" என்றாள். யாரும் வரவில்லை.

தம்பியின் மணிக்கட்டுக்குக் கீழே பார்க்கிற மாதிரி எதுவும் இல்லை. ரத்தம் கொட்டியது. கட்டத் துணி வேண்டும். சுற்றும் முற்றும் பார்த்தவள், கடல் பக்கம் தொங்கிய கித்தானைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். கிழிந்த இடத்திலிருந்து காற்று புகுந்து அடித்தது. துணி படபடத்து முழு நீளத்துக்கும் கிழிந்து பறந்தது. கித்தானுக்குப் பின்னால் அதுவரை மறைந்திருந்த கடல் அத்தனையும் ஒரேயடியாகத் தெரிந்தது.

இயந்திரம் நின்றுபோயிருந்தது. நீரோட்டம் கப்பலைக் கால்வாயிலிருந்து வெளியே இழுத்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரத்தில் ஆலையின் புகைபோக்கியும் மறைந்தது. எந்தப் பக்கம் திரும்பினாலும் தண்ணீர். ஒரு சுவர் இல்லை, ஒரு தூண் இல்லை. வெயிலில் அது பச்சையும் நீலமுமாக மின்னியதை ஓட்டுநர் பார்த்தார். மனைவியைத் தொட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அவள் தம்பியின் கையை மடியில் வைத்து, கித்தானை இறுக்கி, முடிச்சின்மேல் முழங்கையை அழுத்திக் குனிந்திருந்தாள். தலை நிமிரவே இல்லை. அவர் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் தலைவரின் கப்பல் வந்தது. வெள்ளைவெளேரென்று இருந்தது. மேல்தளத்தில் வாத்தியங்கள் வாசித்தார்கள். தலைவர் கையில் கோப்பையோடு கம்பி ஓரத்துக்கு வந்து, ஒலிபெருக்கியை வாங்கினார்.

"அன்பான பயணிகளே! நீங்க இப்ப எந்தத் தடத்துலயும் இல்ல. தயவுசெஞ்சு உங்க தடத்துக்குத் திரும்புங்க."

"ஐயா! எஞ்சின் செத்துப்போச்சு! இங்க ஆளுங்க சாகுறாங்க!" என்று கத்தினார் ஓட்டுநர். "பையனுக்குக் கை போயிருச்சு!"

"எந்தக் கை? இடதா, வலதா?"

ஓட்டுநரின் கை தானாகவே கன்னத்துக்குப் போயிற்று.

"சொன்னாத்தானே உதவி பண்ண முடியும்?" என்றார் தலைவர் வருத்தமாக. "சரி, விருந்து இப்பத்தான் ஆரம்பிச்சிருக்கு. கரைக்குப் போனதும் நாங்களே சொல்லி அனுப்புறோம்." வெள்ளைக் கப்பல் அகலமாக ஒரு வட்டம் அடித்துப் போயிற்று. அதன் அலையில் நீலக் கப்பல் ஆடியது. கட்டியிருந்த முடிச்சு நழுவி, அவள் மறுபடியும் கட்ட வேண்டியதாயிற்று.

மீன்பிடிப் படகுக்காரர்கள் சிலர் பார்த்து வந்து, கயிறு கட்டிக் கரைக்கு இழுத்து வந்தார்கள். எந்தத் தொப்பி என்று அவர்கள் கேட்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டால் வலை எடுக்க முடியாது என்று மட்டும் முணுமுணுத்தார்கள்.

செத்தவர்களை வாரியம் முறையாகப் பிரித்தது. உப்புக்காகச் செத்தவர்கள் ஒரு வரிசையில், சிமெண்டுக்காகச் செத்தவர்கள் ஒரு வரிசையில். கப்பலின் சமையல்காரர் ஒருவர் தொப்பியில்லாமல் செத்திருந்தார். அவரை எந்த வரிசையில் வைப்பது என்று தெரியாமல், அவருடைய பிள்ளைகள் வந்து அழுது தூக்கிப்போகும்வரை நடைபாதையில் வைத்திருந்தார்கள்.

கத்திரிக்கு மணிக்கட்டோடு இடது கையை எடுத்துவிட்டார்கள். மயக்கம் தெளிந்து நாள் கணக்கில் அவன் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். சீப்புப் பிடிக்கிற கை அது. ஓட்டுநர் வேலை முடிந்து நேரே மருத்துவமனைக்கு வந்து, அவனுக்குச் சோறு ஊட்டி, முகம் துடைத்துவிட்டுப் போவார். ஒருநாள் அவன் மெல்ல வாயைத் திறந்தான்.

"மாமா."

"சொல்லு மாப்ளே."

"எது எப்படியோ, சிமெண்ட் மொதல்ல போறதுதான் சரி."

ஓட்டுநர் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார்.

கோடை முடிகிற சமயத்தில் விசாரணைக் கூட்டம் நடந்தது. கட்டுகளோடும் ஊன்றுகோல்களோடும் ஊரே வந்திருந்தது. ஓட்டுநரும் மனைவியும் கத்திரியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டார்கள். தலைவர் கறுப்பு உடையில் வந்தார். விசாரணையைத் தானே நடத்தியதாகவும், தன்னையும் விட்டுவைக்காமல் கடுமையாகக் கேள்வி கேட்டதாகவும் சொன்னார்.

"நம்ம தப்பு என்னன்னு கண்டுபிடிச்சுட்டோம். ரெண்டு தடம் வச்சதுதான் தப்பு. உங்க மேல இருந்த அளவு கடந்த பிரியத்துல, ஒண்ணு போதுங்கிற எடத்துல ரெண்டு குடுத்துட்டோம். இனிமே அந்தத் தப்பு நடக்காது. அடுத்த கோடையிலேருந்து ஒரே தடம்! துறைமுகத்துல ஆரம்பிச்சுத் துறைமுகத்துலயே முடியும். கப்பல் நகரவே நகராது. மோதுறதுக்கு வாய்ப்பே இல்ல!"

அரங்கம் எழுந்து நின்றது. நீலத் தொப்பிகளும் மஞ்சள் தொப்பிகளும் மேலே பறந்தன. காதை இழந்தவரும் அதைக் கடித்தவரும் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். எதிர்வீட்டு மகன், முறிந்த தோளைப் பொருட்படுத்தாமல் அப்பாவின் காலில் விழுந்தான். கைதட்டல் நிற்கவே இல்லை.

கத்திரியும் எழுந்துவிட்டான். அவன் முகம் பல வாரங்களுக்குப் பிறகு அன்றுதான் மலர்ந்தது. வலது கையைத் தூக்கியவன், அது எதன்மேல் போய்ப் பட வேண்டும் என்று தெரியாமல் ஒரு கணம் அப்படியே நின்றான். பிறகு ஓட்டுநர் பக்கம் திரும்பி, விரித்த கையை அவர் முன்னால் நீட்டினான்.

"மாமா, உங்க கையக் கொஞ்சம் காட்டுங்க. தட்டணும்."

ஓட்டுநர் தன் உள்ளங்கையைப் பார்த்தார். அவர் எதுவும் செய்வதற்கு முன்பே மனைவி தம்பியின் கையைப் பிடித்துக் கீழே இழுத்து அவனை உட்காரவைத்தாள். அந்தக் கையைத் தன் மடியில் வைத்து, இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள்.

"விடுக்கா. எல்லாரும் தட்டுறாங்க."

"தட்டட்டும்."

அவன் இழுத்துப் பார்த்தான். அவள் விடவில்லை.